“1955 மாடல் சார்” என்று சொல்பவர்களிடம் ஒரு கேள்வி (நீளமான த்ரெட்)

1/ சென்னையில் “1955 மாடல் புல்லட், ஃபுல் ஒரிஜினல்” என்று விற்பனைக்கு வரும் வண்டிகளை எல்லாம் வரிசையாக நிறுத்தினால் வேளச்சேரி விஜயநகர் பஸ் ஸ்டாண்டில் ஆரம்பித்து தாம்பரம் வரைக்கும் போகும் போல. அதில் பாதி வண்டிக்கு வருஷத்தை வைத்தது ஃபேக்டரி இல்லை. பெயின்ட் அடித்த ஆள்.

2/ “டாக்டருக்கு எதுக்கு புல்லட் பஞ்சாயத்து?”ன்னு கேட்பீங்க. வயசு கண்டுபிடிக்கிறது எங்க வேலையில ஒரு பகுதி. போலீஸ் மெமோவோட ஒரு பையனைக் கூட்டிட்டு வருவாங்க, பிறந்த சர்டிபிகேட் இருக்காது. பல்லைப் பார்க்கிறோம், மணிக்கட்டு, முழங்கை, இடுப்பு எலும்பு எக்ஸ்ரே பார்க்கிறோம். கடைசியில் எழுதுவது ஒரு தேதி இல்லை, “இத்தனையிலிருந்து இத்தனை வயசுக்குள்”.

3/ ஜெயமாலா வழக்கில் 1982-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு: எக்ஸ்ரே வைத்துச் சொல்லும் வயசில் இரண்டு பக்கமும் 2 வருஷம் தவறு வரலாம். உயிரோட இருக்கிற மனுஷனுக்கே இந்த நிலைமை. நாலு கை மாறி, மூணு இன்ஜின் பிரிச்ச வண்டிக்கு எட்ட நின்னு பார்த்துட்டு “1955, டவுட்டே இல்லை”ன்னு எப்படிங்க சொல்றீங்க?

4/ புல்லட்டுக்கு மட்டும் ஏன் இந்த வியாதி அதிகம்? வரலாறு அப்படி. 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிட்ச் கம்பெனியும் நம்ம மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பிச்சாங்க. தொழிற்சாலை திருவொற்றியூர். முதலில் அங்கிருந்து பாகங்கள் வரும், இங்கே பூட்டுவாங்க. 1957-ல் டூலிங் வந்தது. 1962-க்குள் எல்லா பாகமும் இங்கேயே தயார்.

5/ அங்கே இங்கிலாந்தில் மாடலை மாற்றிக்கிட்டே போய், 1970 வாக்கில் கடையையே மூடிட்டாங்க. இங்கே அந்த 1955 வடிவத்தையே பல பத்தாண்டுகள் போட்டுக்கிட்டே இருந்தோம். அதே ஹெட்லைட் மூடி, பக்கத்தில் அதே இரண்டு ‘புலிக்கண்’ விளக்கு, வலது பக்கம் அதே கியர். அதனால் 1958 வண்டியையும் 1978 வண்டியையும் தூரத்தில் நிறுத்தினால் சாதாரண ஆளுக்கு வித்தியாசம் தெரியாது. பொய் சொல்ல இதைவிட வசதியான வண்டி கிடையாது.

6/ பேட்ஜைக் காட்டுவாங்க. பேட்ஜ் கடையில் கிடைக்கும். டேங்க்கில் தங்கக் கோடு காட்டுவாங்க. கோடு பிரஷ்ஷில் கிடைக்கும். “மிலிட்டரி பச்சை பாருங்க சார்” என்பாங்க. பச்சை டப்பாவில் கிடைக்கும். இதெல்லாம் தலைமுடிக்குச் சாயம் பூசுற மாதிரி. டையைப் பார்த்து எந்த டாக்டரும் வயசு எழுத மாட்டான்.

7/ அடுத்து “ஆர்.சி.யிலேயே இருக்கு சார்”. ஆர்.சி. முக்கியமான சாட்சி, மறுக்கவில்லை. ஆனால் பதிவு செய்த தேதி வேறு, தயாரித்த வருஷம் வேறு. ராணுவம் ஓட்டி முடித்து ஏலம் விட்ட வண்டிக்குச் சிவில் பதிவு ஏலத்துக்கு அப்புறம்தான் வரும். வண்டி பிறந்தது ஒரு வருஷம், ஆர்.சி. பிறந்தது இன்னொரு வருஷம்.

8/ நம்ம தாத்தாக்கள் பாதிப் பேருக்குப் பிறந்த நாள் ஜூன் மாசத்தில் இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? ஸ்கூலில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் போட்ட தேதி. பழைய கையெழுத்துப் பதிவேட்டிலிருந்து ஆர்.சி. விவரத்தை இன்னொரு புத்தகத்துக்கும் அப்புறம் கம்ப்யூட்டருக்கும் ஏற்றும்போது அதே கதை நடக்கலாம். தாள் சொல்வதை வண்டியோடு ஒப்பிட்டுத்தான் ஆகணும்.

9/ சரி, எப்படித்தான் கண்டுபிடிக்கிறது? இரண்டு பக்கத்திலிருந்தும் கயிறு கட்டணும்.
மேல் எல்லை: வண்டியைப் பற்றிய மிகப் பழைய தாள். ஆர்.சி., வரி ரசீது, இன்சூரன்ஸ், பழைய போட்டோ. வண்டி அந்தத் தேதிக்கு முந்தியது என்று உறுதி.
கீழ் எல்லை: வண்டியோடு பிறந்த பாகங்களில் உள்ள குறி. அந்தப் பாகம் செய்ததற்கு முன்னால் வண்டி வந்திருக்க முடியாது.

10/ உதாரணம் சொல்றேன். இங்கிலாந்து லூகாஸ் மின்சாதனங்களில் மாதமும் வருஷமும் குத்தியிருப்பாங்க. ஆனால் ஒரே ஒரு பாகத்தை நம்பக் கூடாது, அது புதுப்பேட்டையிலிருந்து வந்திருக்கலாம். நாலைந்து பாகம் ஒரே காலத்தைச் சொன்னால்தான் மதிப்பு. பல்லில் வயசு பார்க்க குஸ்தாஃப்சன் 1950-ல் சொன்ன முறையில்கூட ஒரு அடையாளம் இல்லை, ஆறு அடையாளம்.

11/ இதற்கெல்லாம் மேலே நிற்கும் சாட்சி சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும். கை வைக்கவே கூடாத இடம் அது. நம்ம ஊர் ரெஸ்டோரேஷன்காரர்கள் முதலில் கை வைப்பதும் அந்த இடத்தில்தான்! “துரு பிடிச்சிருந்துச்சு சார், கிரைண்டர் போட்டு நைஸ் பண்ணிட்டோம்.” மேலே பவுடர் கோட்டிங். பளபளன்னு இருக்கு. சாட்சியைக் கொன்னுட்டு பிணத்துக்கு பவுடர் போட்ட மாதிரி.

12/ வேளச்சேரியில் என் பெரியப்பா வண்டிக்கு நடந்தது இது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூணு நாள் தண்ணியில் நின்ற புல்லட். ஆர்.சி. புத்தகம் கூழாப் போச்சு. சில வருஷம் கழித்து ஒரு பட்டறையில் ரெஸ்டோர் பண்ணக் கொடுத்தார். திரும்பி வந்த வண்டியில் ஹேண்டில்பார் கழுத்து கண்ணாடி மாதிரி வழவழப்பு. டேங்க்கில் தங்க எழுத்தில் “1956”. யார் சொன்ன 1956? “கஸ்டமருக்குப் பிடிக்கும்னு போட்டோம்.”

13/ அப்புறம்தான் பெரியம்மா பீரோவில் 1971 தேதி போட்ட இன்சூரன்ஸ் தாள் ஒன்று கிடைத்தது. 1971-க்கு முன்னால் பதிவான வண்டி என்பதற்கு அதுவே சாட்சி, யாரும் வருஷத்தைக் கற்பனை பண்ணவே தேவையில்லை. ஆனால் பதிவைப் புதுப்பிக்க வண்டியைக் காட்டணும், சேசிஸ் பிரிண்ட் எடுக்கணும். பென்சில் தேய்க்க அங்கே எண்ணே இல்லை. 40 வருஷம் கிண்டிக்கு வேலைக்குப் போன வண்டி இப்போ ஹாலில் ஷோகேஸ் பொம்மை.

14/ இதில் பெரிய வேடிக்கை என்னன்னா, 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டு வந்த விண்டேஜ் வாகன விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்கணும், பெரிய மாற்றம் இல்லாமல் ஒரிஜினல் வடிவில் இருக்கணும். 1971 தாளே வயசுக்குப் போதுமான பிடி. 1956 என்ற பொய்யால் ஒரு பைசா லாபம் இல்லை. அதோடு சேர்ந்து வந்த கிரைண்டரால் எல்லாம் போச்சு.

15/ “என் வண்டி, என் காசு, எந்த வருஷம் எழுதினா உனக்கென்ன?” இந்த பதில் வரும்னு தெரியும். உங்க வீட்டுச் சுவரில் என்ன வேணா எழுதுங்க, யாரும் கேட்கப் போறதில்லை. விற்கும்போது அந்த எண்ணுக்குத்தானே கூடுதல் விலை வாங்கறீங்க? அப்போ அது ஆசை இல்லை, மோசடி.

16/ இன்னொரு விஷயம். எண்ணை அரைத்துப் புதுசா குத்துவது சகஜம் என்று ஆகிவிட்டால் அதில் ஒளிந்துகொள்ளும் முதல் ஆள் வண்டித் திருடன். உங்க ‘ஹாபி’ அவனுக்கு மறைவிடம்.

17/ “அரைச்சா யாருக்குத் தெரியும்?” தெரியும். எண்ணைக் குத்தும்போது மேற்பரப்புக்குக் கீழேயும் உலோகம் நசுங்கும். மேலே அரைத்தாலும் அந்த நசுங்கல் ஓரளவு ஆழம் வரை இருக்கும். தடய அறிவியல் ஆய்வகத்தில் அமிலக் கலவை தடவினால் நசுங்கிய இடமும் நசுங்காத இடமும் வேற வேற மாதிரி அரிக்கும், பழைய எண் மங்கலாக மேலே வரும். இரும்புக்கு ஃப்ரை கரைசல் என்று ஒன்று இருக்கிறது: காப்பர் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும். ரொம்ப ஆழமா அரைச்சிருந்தா எதுவும் வராது. வீட்டில் முயற்சி பண்ணாதீங்க, கையும் போகும், சாட்சியும் போகும்.

18/ பட்டறையை மட்டும் திட்டினால் நியாயம் இல்லை. ரெட்டிட்ச்சில் செய்த வண்டிகளின் பதிவேடுகளை இங்கிலாந்தில் ஓனர்ஸ் கிளப் பாதுகாக்கிறது. எண்ணைக் கொடுத்தால் எப்போது ஃபேக்டரியை விட்டுப் போனது என்று பார்த்து சர்டிபிகேட் தருவாங்க. திருவொற்றியூரில் பிறந்த வண்டிக்கு அந்த மாதிரி ஒரு கதவு பொதுமக்களுக்கு ஏன் இருக்கக் கூடாது? கம்பெனியிடமும் ஆர்.டி.ஓ. அலுவலகங்களிலும் மிச்சம் இருக்கும் பழைய பதிவேடுகளை ஸ்கேன் பண்ணித் திறந்து விடுங்க. பாதிப் பொய் அன்றைக்கே செத்துப் போகும்.

19/ வண்டியைப் பட்டறைக்கு விடும் முன் செய்ய வேண்டியது:
• இரண்டு எண்களையும் கிட்டத்தில் போட்டோ எடுங்க, பென்சில் பிரிண்டும் எடுத்து தேதி போட்டு வைங்க.
• பழைய பெயின்ட்டை ஒரு இடத்தில் விட்டு வைங்க.
• கழற்றும் பாகத்தில் உள்ள குறிகளைப் போட்டோ எடுங்க. பழைய பாகத்தைத் தூக்கிப் போடாதீங்க.
• எண் இருக்கும் இடத்தில் டேப் ஒட்டி, “கிரைண்டர், பிளாஸ்டிங் கூடாது” என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்க.
• ஆர்.சி. தொலைந்திருந்தால் முதலில் படிவம் 26 போட்டு டூப்ளிகேட் வாங்குங்க. பெயின்ட் அப்புறம்.

20/ வாங்கப் போறவங்க ஒரே கேள்வி கேளுங்க: “எதை வச்சு இந்த வருஷம் சொல்றீங்க?” தாளும் எண்ணும் காட்டினால் உட்கார்ந்து பேசுங்க. பேட்ஜைக் காட்டினால் டீ குடிச்சிட்டு வந்துடுங்க.

21/ சரியான வருஷம் தெரியலைன்னா “1960-களின் பின்பாதி, 1971-க்கு முன்” என்று சொல்றதில் ஒரு அவமானமும் இல்லை. நாங்க கோர்ட்டில் கூண்டில் ஏறி நின்னு அப்படித்தான் சொல்றோம். ஜட்ஜ் ஏத்துக்கிறார். உங்க வாட்ஸ்அப் குரூப் ஏத்துக்காதா?

பிடித்திருந்தால் ஷேர் பண்ணுங்க. முக்கியமா, கையில் கிரைண்டர் வச்சிருக்கும் நண்பருக்கு.