பாவம், பேட்டரி என்ன செய்யும்?

கேரவன் என்றதும் நம்மாட்களுக்கு ஞாபகம் வருவது ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோ ஏசி போட்டு உட்கார்ந்திருக்கும் வண்டிதான். அமெரிக்காவில் கதை வேறு. அங்கே மோட்டார் ஹோம் என்பது பலருக்கு நிஜமாகவே வீடு. 2008 பொருளாதாரச் சரிவில் வீட்டை இழந்து, வயதான காலத்தில் வண்டியில் குடியேறியவர்கள் உண்டு. 2021-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய 'நோமேட்லேண்ட்' பார்த்தவர்களுக்கு அந்த வாழ்க்கை தெரிந்திருக்கும்.

குளிர்காலம் வந்தால் அரிசோனாவின் குவார்ட்ஸ்சைட் பாலைவனத்தில் இப்படிப்பட்ட வண்டிகள் ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். பலர் நிறுத்தும் இடத்தில் கரண்ட் கனெக்‌ஷன் கிடையாது. விளக்கு, தண்ணீர் மோட்டார், ஹீட்டரின் ஃபேன், கேஸ் கசிந்தால் கத்தும் அலாரம்..... எல்லாமே 12 வோல்ட் பேட்டரியை நம்பித்தான். அது ராத்திரி இரண்டு மணிக்குப் படுத்துவிட்டால்? பாலைவனக் குளிரில் ஹீட்டர் நிற்கும். மூச்சுத்திணறலுக்காக மெஷின் மாட்டிக்கொண்டு தூங்கும் பெரியவரின் மெஷினும் நிற்கும்.

மறுநாள் காலை யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்: "பேட்டரி போச்சு, புதுசு வாங்கிடுங்க."

இந்த ஒற்றை வரி வைத்தியத்தைத்தான் கண்டிக்க வேண்டியிருக்கிறது. டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் பி.காம் முதலாண்டு மாணவன்கூட என்ன செய்வான்? வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டுவிட்டு தப்பு எந்த எண்ட்ரியில் என்று தேடுவான். கடைக்குப் போய் புது லெட்ஜர் வாங்க மாட்டான். பேட்டரி விஷயத்தில் மட்டும் புது லெட்ஜர் வாங்குவது எப்படி வைத்தியமாகும்?

பேட்டரியை ஒரு பேங்க் அக்கவுண்ட் என்று வைத்துக்கொள்வோம். பேலன்ஸ் காலி என்றால் காரணம் மூன்றுதான். கண்ணுக்குத் தெரியாமல் யாரோ பணம் எடுக்கிறார்கள். அல்லது போட்ட பணம் கணக்கில் வந்து சேரவில்லை. அல்லது பேங்கே திவால். கடைசிக் காரணத்தை முதலில் பிடித்துக்கொள்வதுதான் கோளாறு.

முதலில் அந்தத் திருட்டு விட்ராயலைப் பார்ப்போம். கேஸ் அலாரம், ஃப்ரிட்ஜின் கன்ட்ரோல் போர்டு, ரேடியோவின் மெமரி, டிவி ஆன்டெனா பூஸ்டர். எல்லாம் சேர்ந்து அரை ஆம்பியர் இழுத்தால் போதும், ஒரு நாளைக்கு 12 ஏ.எச். போய்விடும். 100 ஏ.எச். ஈய-அமில பேட்டரியில் பாதிக்குமேல் இறக்காமல் இருப்பதுதான் அதன் ஆயுளுக்கு நல்லது. அந்த 50 ஏ.எச். நான்கே நாளில் காலி! ஒரு மாதம் வண்டியை ஓரமாக நிறுத்தினால் பேட்டரி முழுக்க இறங்கி, அப்படியே கிடந்து, உள்ளே தகடுகளில் சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும். பேட்டரி சாகவில்லை ஐயா, கொல்லப்பட்டது. "மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டேனே" என்பார்கள். பல வண்டிகளில் கேஸ் அலாரத்துக்கு அந்த சுவிட்சைத் தாண்டித்தான் ஒயர் போகிறது.

திருடனைப் பிடிக்க மல்டிமீட்டர் ஒன்று போதும். இன்ஜினும் சார்ஜரும் ஆஃப். சோலார் இருந்தால் அதையும் நிறுத்திவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, 10 ஆம்பியர் அளவில் வைத்த மீட்டரை நடுவில் இணைக்க வேண்டும். பிறகு ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக உருவ வேண்டும். எதை உருவும்போது ரீடிங் விழுகிறதோ, அந்த லைனில்தான் ஆள் இருக்கிறார். இந்த நேரத்தில் தண்ணீர் மோட்டாரையோ இன்வெர்ட்டரையோ போட்டால் மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும், ஜாக்கிரதை.

அடுத்தது, வந்து சேராத டெபாசிட். வண்டியை 120 வோல்ட் கரண்டில் செருகினால் கன்வெர்ட்டர் என்ற பெட்டிதான் பேட்டரியை சார்ஜ் செய்கிறது. அப்போது பேட்டரி முனையில் வோல்டேஜ் 13-க்கு மேல் ஏறாமல் 12.4-லேயே நின்றால் கன்வெர்ட்டர், ஃப்யூஸ், ஒயர் மூன்றையும் சந்தேகப்பட வேண்டும். இதில் ஒரு வேடிக்கை: புது பேட்டரி மாட்டும்போது ஒயரை மாற்றி மாட்டிவிட்டால் கன்வெர்ட்டரில் உள்ள பாதுகாப்பு ஃப்யூஸ் போய்விடும். அப்புறம் புது பேட்டரியும் சார்ஜ் ஆகாது. "இதுவும் டூப்ளிகேட்" என்று கடைக்காரரைத் திட்டுவார்கள் :-)

ஒயரும் லேசுப்பட்டதல்ல. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், போய் வர மொத்தம் 10 மீட்டர், அதில் 20 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே சுமார் 1.4 வோல்ட் காணாமல் போகும். சார்ஜர் 14.4 அனுப்பினாலும் பேட்டரிக்குக் கிடைப்பது 13 தான். இதற்கு பேட்டரி என்ன செய்யும்?

ஐரோப்பாவில் இன்னொரு கூத்து. யூரோ 6 விதிகளுக்குப் பிறகு வந்த பல வண்டிகளில் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர். இன்ஜின் பேட்டரி நிறைந்ததும் எரிபொருளை மிச்சப்படுத்த வோல்டேஜைக் குறைத்துவிடும். உடனே வீட்டு பேட்டரிக்குப் போகும் ரிலேயும் கட் ஆகலாம். நாள் முழுக்க ஓட்டியும் பேட்டரி நிறையவில்லை என்று புலம்புபவருக்குத் தேவை டிசி-டிசி சார்ஜர், புது பேட்டரி அல்ல.

இப்போது புது மந்திரம்: "லித்தியம் மாத்துங்க, எல்லாம் சரியாகிடும்." லித்தியம் நல்ல சரக்குதான், மறுக்கவில்லை. ஆனால் 13.6 வோல்ட்டிலேயே நிற்கும் பழைய கன்வெர்ட்டர் அதை ஒழுங்காக நிரப்பாது. ஆல்டர்னேட்டரில் நேராகக் கோர்த்தால் அதிக கரண்ட் இழுத்து அதைச் சூடாக்கிப் பொசுக்கும். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் செல் கெடும். ஓட்டைப் பானைக்கு வெள்ளி மூடி!

பேட்டரி உண்மையிலேயே சாவதும் உண்டு. அதையும் சோதித்துச் சொல்லலாமே? முழுக்க சார்ஜ் ஏற்றி, எல்லா ஒயரையும் கழற்றி, ஒரு ராத்திரி சும்மா விட வேண்டும். ஈய-அமில பேட்டரி காலையில் 12.6-ஐ ஒட்டிக் காட்டி, லோடு கொடுத்தும் தாங்கினால் அது நிரபராதி. ஒன்றுமே இணைக்காதபோதும் தானாக 12.1-க்கு இறங்கினால் தாராளமாக மாற்றலாம்.

"வயசானவங்களுக்கு மீட்டர் பிடிக்கத் தெரியுமா?" என்று கேட்கலாம். தெரியாது, சரி. ஆனால் காசு வாங்குபவருக்குத் தெரியுமே! பேட்டரி விற்றால் பத்து நிமிஷத்தில் லாபம். கோளாறு தேடினால் இரண்டு மணி நேரம், அதற்குக் கூலி கேட்டால் பேரம். அதனால் விற்பது எளிது. கோளாறு மட்டும் அப்படியே இருக்கும். அடுத்த வருஷம் அதே ஆள் அதே பேட்டரிக்கு மறுபடி பென்ஷன் பணத்தை எடுப்பார்.

ஆகவே, பேட்டரியை மாற்றச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "மீட்டர் என்ன காட்டுச்சு?" நம்பர் சொல்ல முடியாதவருக்குப் பர்ஸைத் திறக்காதீர்கள்.