மாணவனாக உட்கார்ந்த போதகர்

வேங்கிக்காலில் இருந்து திருவண்ணாமலை நகருக்குள் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு டேனிஷ் மிஷன் பள்ளி பழகிய பெயர். டென்மார்க்கின் பெயர் அண்ணாமலையார் ஊருக்கு எப்படி வந்தது? அந்தக் கதையின் தொடக்கம் தரங்கம்பாடிக் கடற்கரை. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய ஜெர்மானிய இளைஞர் பர்த்தலோமேயு சீகன்பால்க், 1706 ஜூலை 9 அன்று தன் தோழர் புளுட்சோவுடன் அங்கே வந்து இறங்கினார். இந்தியாவுக்கு வந்த முதல் புராட்டஸ்டன்ட் மிஷனரிகள் இவர்களே. சபை வரலாற்றுக்குள் அடைத்துவைத்திருக்கும் சீகன்பால்கைத் தமிழ்க் கல்வி வரலாற்றிலும் வைத்துப் பேச வேண்டும் என்பது என் வாதம்.

காரணம், போதிக்க வந்தவர் முதலில் கற்றுக்கொள்ள உட்கார்ந்தார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் விரலால் தமிழ் எழுத்துகளை எழுதிப் பழகினார். ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்து, இரண்டே ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்குக் குறிப்புடன் பட்டியல் எழுதினார். திருக்குறளும் அதில் உண்டு. கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார். பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி திறந்தார். டேனிஷ் தளபதியின் பகையால் நான்கு மாதம் சிறையில் கிடந்தும் பணியை விடவில்லை. அவர் பெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ல் தரங்கம்பாடியிலேயே முழுமையாக அச்சேறியது. 1719-ல் இறந்தபோது அவருக்கு வயது 36.

மதம் மாற்றத்தானே தமிழ் படித்தார் என்று கேட்பார்கள். உண்மைதான், அதை அவர் மறைத்ததும் இல்லை. ஆனால் நோக்கத்தை மட்டும் பார்த்தால் விளைவு கண்ணில் படாமல் போகும். தமிழர் வழிபடும் தெய்வங்களைப் பற்றி 1713-ல் அவர் எழுதி அனுப்பிய பெருநூலை ஹாலேயில் இருந்த அவருடைய ஆசான் பிராங்கே அச்சிட மறுத்தார். மிஷனரியின் வேலை அந்தச் சமயத்தை வேரறுப்பது, அதை ஐரோப்பாவில் பரப்புவது அல்ல என்பது அவர் கருத்து. சென்னையில் அந்நூல் அச்சாக 1867 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தன்னை அனுப்பியவர்களின் எல்லையைத் தாண்டி அறிய முனைந்தவர் சீகன்பால்க் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். தமிழ் அச்சின் தந்தை அவர் அல்லர் என்பதும் சரியே. 1578-லேயே கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற நூலை அச்சிட்டுவிட்டார். ஆனால் பள்ளி, அச்சகம், காகித ஆலை மூன்றையும் ஒரே இடத்தில் இணைத்து, படிப்பைத் தொடர்ந்து நடக்கும் ஏற்பாடாக்கியது தரங்கம்பாடிதான்.

இதைவிடக் கனமான குற்றச்சாட்டு சாதி. தரங்கம்பாடிச் சபை வழிபாட்டில் சாதிவாரியாகப் பிரித்து உட்காரவைத்தது. அந்தக் கறையைப் பூசி மெழுகக் கூடாது. ஆனால் அதை எதிர்த்த குரலும் அதே மரபில் பிறந்தது. சபைக்குள் சாதிக்கு இடம் கொடுப்பதை ஏற்காத மிஷனரி கார்ல் ஓக்ஸ், பின்னாளில் தரங்கம்பாடிப் பணியைத் தொடர்ந்த லைப்சிக் மிஷனை விட்டு விலகி, மேல்பட்டாம்பாக்கத்தில் தனிப் பணி தொடங்கினார். பின்னர் டேனிஷ் மிஷனரி சங்கம் அவரோடு கைகோத்தது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை வளர்ந்தது அந்த வழியில்தான். திருவண்ணாமலைப் பள்ளிக்கு டேனிஷ் பெயர் வந்ததும் அதே வழியில்தான்.

ஒரு போதகரின் பெருமையை ஞானஸ்நானக் கணக்கை வைத்து அளப்பது போதாது. அயலார் மொழியின் முன் மாணவனாக உட்காரும் பணிவு அவரிடம் இருந்ததா என்றும் பார்க்க வேண்டும். சீகன்பால்கிடம் அது இருந்தது. மாவட்டப் பள்ளிகளின் ஆசிரியர்கள், மணலில் எழுதிப் பழகிய அந்த அயல்நாட்டு மாணவனைப் பற்றி வகுப்பில் ஒரு நாளாவது பேச வேண்டும். அவர் சாதனையோடு அவர் சபையின் கறையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.