கறுப்புச் சப்பாத்துக்கு வந்த மவுசு

ஞாயிற்றுக்கிழமை காலையில் புரோகா மலைப் பக்கம் போனால் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். பல நூறு வெள்ளி கொடுத்து வாங்கிய மலையேறும் சப்பாத்துகளுக்கு நடுவே, ஏறக்குறைய பத்து வெள்ளி பெறும் கறுப்பு ரப்பர் சப்பாத்துகளும் ஜம்மென்று ஏறிக்கொண்டிருக்கும். அதற்குச் செல்லப் பெயர் 'அடிடாஸ் கம்போங்'. அந்தப் பெரிய நிறுவனத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மக்கள் கிண்டலாக வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது.

இன்று இளைஞர்கள் இதைப் போட்டுக்கொண்டு படம் பிடித்துப் பதிவிடுகிறார்கள். ஆனால் இந்தச் சப்பாத்து நம் வீடுகளுக்குப் புதிதா என்ன? விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போன தாத்தா பாட்டிமாரைக் கேளுங்கள். சேறு, அட்டை, வழுக்கும் மேடு எல்லாவற்றையும் அவர்கள் இதைப் போட்டுக்கொண்டுதான் கடந்தார்கள்.

மலையேறுபவர்கள் இதைத் தேடி வரக் காரணம் இருக்கிறது. தையலோ கயிறோ இல்லாமல், ஒரே வார்ப்பாக ரப்பரில் செய்தது. அடியில் இருக்கும் குமிழ்கள் சேற்றை நன்றாகப் பிடிக்கும். ஆற்றில் இறங்கினாலும் துணிச் சப்பாத்து போல நீரை உறிஞ்சிக் கனக்காது. குழாயடியில் காட்டினால் சுத்தம். 4,095 மீட்டர் உயரக் கினபாலு மலையில் வழிகாட்டிகளும் சுமை தூக்குபவர்களும் இதைப் போடுவதுண்டு.

காலணி உலகில் இது அடிக்கடி நடக்கும் கதைதான். 1960இல் இங்கிலாந்தில் வெளிவந்த டாக்டர் மார்டென்ஸ், தபால்காரர்களும் ஆலைத் தொழிலாளர்களும் போட்ட சப்பாத்து. பிறகு பாடகர்கள் போட்டார்கள், நாகரிகமானது. ஜெர்மனியின் பிர்க்கன்ஸ்டாக்கை 1966இல் மார்கோ ஃபிரேசர் என்ற பெண்மணி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது, சப்பாத்துக் கடைகள் அதை விற்க முன்வரவில்லை. ஆரோக்கிய உணவுக் கடைகளில்தான் அது முதலில் விலைபோனது. அதே நிறுவனம் 2023இல் நியூயார்க் பங்குச் சந்தையில் நுழைந்தது.

ஆனால் ஒரு விஷயம் மனத்தை உறுத்துகிறது. கோலாலம்பூர் அலுவலக இளைஞர் இதைப் போட்டால் 'சூப்பர் ஸ்டைல்'. தோட்டத்துப் பிள்ளை இதையே போட்டுக்கொண்டு பட்டணத்துக்கு வந்தால் 'தோட்டக்காட்டான்' என்ற சிரிப்பு. சப்பாத்து ஒன்றுதான், கால்தான் வேறு. விரும்பிப் போடுபவர் சலித்ததும் கழற்றி வைத்துவிடலாம். வேறு வழியில்லாமல் போட்டவருக்கு அந்த வசதி இருக்கவில்லை. அந்தக் கேலிக்குப் பயந்துதானே, தோட்டத்தில் பிறந்ததையே பலர் சொல்லாமல் மறைத்தார்கள்?

ஆகவே, இது நாகரிகமாவதில் எனக்கு மகிழ்ச்சிதான். தாராளமாகப் போடுங்கள். கூடவே, இதை முதலில் போட்டவர்கள் யார் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். "உன் பாட்டி இந்தச் சப்பாத்தோடு மரம் மரமாக நடந்துதான் உன் அப்பாவைப் படிக்க வைத்தார்" என்று கேட்டு வளரும் பிள்ளை, நாளை வகுப்பில் யாருடைய காலையும் பார்த்துச் சிரிக்காது.

புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. தடிப்பான காலுறை அவசியம்; இல்லாவிட்டால் குதிகாலில் கொப்புளம் வரும். உள்ளே மெத்தை கிடையாது என்பதால் தார்ச்சாலையில் ஓடினால் பாதம் வலிக்கும். முதலில் சின்ன மண்பாதையில் நடந்து பழகுங்கள். அளவு பார்க்கக் கடைக்குப் போகும்போது, வீட்டில் பால் வெட்டிய பெரியவர் இருந்தால் அவரையும் அழைத்துப் போங்கள். விற்பவரைவிட அவருக்கு இதைப் பற்றி நிறையத் தெரியும்.