பத்துப் பிள்ளைகள் போதும்

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் மலாயாத் தோட்ட முதலாளிமாருக்கு ஒரு கடமையை விதித்தது. பள்ளி செல்லும் வயதுள்ள பிள்ளைகள் 10 பேர் ஒரு தோட்டத்தில் இருந்தால் அங்கே ஒரு பள்ளிக்கூடம் இருந்தாக வேண்டும் என்பதே அக்கடமை. அன்றைய துரைமார் அதை மனமுவந்து செய்தனர் என்று நாம் சொல்லமாட்டோம். பல தோட்டங்களில் பள்ளி என்பது ஒரு கொட்டகை. ஆசிரியர் என்பவர் ஒழிந்த நேரத்தில் பாடஞ்சொன்ன கிராணியோ கங்காணியோதான். ஆயினும் 10 பிள்ளைகள் இருந்தால் போதும், அது பள்ளிதான் என்று அச்சட்டம் ஒப்புக்கொண்டது. இன்றோ நம்மவரே அதை ஒப்ப மறுக்கிறார்கள்!

1957ஆம் ஆண்டு நாடு விடுதலை பெற்றபோது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530 பள்ளிகளே உள்ளன. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் அழிந்து செம்பனை வந்தது, லயங்கள் காலியாகிக் குடும்பங்கள் பட்டணம் போயின. எஞ்சி நிற்கும் தோட்டப் பள்ளிகளில் பல மிகச் சிறியவை. 150 மாணவருக்குக் குறைந்த பள்ளிகளைக் கல்வி அமைச்சு குறைந்த மாணவர் பள்ளிகள் என்று தனியே வகைப்படுத்தியுள்ளது. இருபது, முப்பது பிள்ளைகளோடு நடக்கும் பள்ளிகளும் உண்டு.

“அங்கே பிள்ளைகளே இல்லையே, படிப்பு எப்படி வரும்?” என்று சொல்லிப் பெற்றோர் சிலர் தம் பிள்ளைகளை வேறு பள்ளிக்குக் கொண்டுபோகிறார்கள். எண்ணிக்கை மேலும் குறைகிறது. பிறகு பள்ளியை மூடப் பேச்சு எழுகிறது, நாம் கொதிக்கிறோம். கொதிப்பதற்கு முன் ஒன்றைச் சிந்திக்க வேண்டாமா? சிறிய பள்ளியில் படிப்பு வராது என்பது மெய்தானா?

பால்வெட்டும் தோழர்களைக் கேட்கிறோம். உங்கள் நிரையில் எந்த மரம் நிறையப் பால் தரும், எது பட்டை வறண்டு நிற்கிறது, எதில் உளியை மெல்லத் தொடவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். நிரையை இருமடங்காக்கி, அதே நேரத்தில் வெட்டி முடிக்கச் சொன்னால் மரத்தை அறிந்தா வெட்டுவீர்கள்? ஆசிரியர் நிலையும் அதுவே. ஐந்து பிள்ளைகளை வைத்துப் பாடஞ்சொல்பவர் ஒவ்வொரு பிள்ளையையும் அறிய முடியும். நாற்பது பேரை வைத்திருப்பவருக்கு அது அரிது. ஆகவே சிறுமை ஒரு குறையன்று; அது ஒரு வாய்ப்பு. அந்த வாய்ப்பைப் பயன்படுத்துகிறோமா என்பதே கேள்வி.

அதற்கு நாம் கூறும் வழி எளியது. முதலாவது, வாசிப்பு. மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் தமிழையும் மலாயையும் தடையின்றி வாசிக்கவேண்டும். இருபது பிள்ளைகள் உள்ள பள்ளியில் நாளுக்கு நான்கு பேரை, ஆளுக்குப் பத்து நிமிடம், தனியே அழைத்து வாசிக்கக் கேட்டால் வாரத்தில் எல்லாரையும் கேட்டுவிடலாம். யார் எந்த எழுத்தில் தடுமாறினார் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால், அடுத்த வாரம் அங்கிருந்து தொடங்கலாம். இதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. ஆறாம் ஆண்டுக்குப் பின் நம் பிள்ளை செல்லும் அரசாங்க இடைநிலைப் பள்ளியில் பாடம் மலாயில்தான் நடக்கும். தாய்மொழியில் பொருளுணர்ந்து வாசிக்கப் பழகிய பிள்ளைக்கு மற்ற மொழியும் எளிதில் வசப்படும்.

இரண்டாவது, இரண்டு ஆண்டு மாணவர்களை ஓரறையில் வைத்துக் கற்பிக்கும் நிலை. இதைப் பலர் இழிவாக எண்ணுகிறார்கள். தென்னமெரிக்காவின் கொலம்பியா நாட்டில் 1970களில் சிற்றூர்ப் பள்ளிகளுக்கென்றே ‘புதிய பள்ளி’ என்னும் முறையைத் தொடங்கினர். ஓரிரு ஆசிரியரே உள்ள பள்ளிகளில், படிப்படியாக அமைந்த பாட ஏடுகளைக் கொண்டு பிள்ளைகள் சிறு குழுக்களாகத் தாமே பயில்கிறார்கள். ஆசிரியர் தேவைப்படும் குழுவில் சென்று அமர்கிறார். காப்பி விளையும் மலைநாட்டுப் பிள்ளைகளும் இம்முறையில் பயின்றனர். அந்நாட்டு உழைப்பாளியின் பிள்ளைக்கு இயன்றது நம் பிள்ளைக்கு இயலாதா?

மூன்றாவது, வருகை. விடியுமுன் தாயும் தந்தையும் வேலைக்குப் போய்விட்டால் பிள்ளையை எழுப்பி அனுப்ப ஆளில்லை. ஒருநாள் வெட்டாவிட்டால் அன்றைய பால் போயிற்று என்று அறிந்த நாம், ஒருநாள் பள்ளிக்குப் போகாத பிள்ளையின் பாடமும் அப்படியே போயிற்று என்பதை மறக்கலாமா? லயத்தில் வேலைக்குப் போகாத பெரியவர்கள் இருக்கிறார்கள். முறைவைத்துக்கொண்டு எல்லார் வீட்டுப் பிள்ளைகளையும் அவர்கள் அனுப்பி வைக்கலாம்.

நான்காவது, பெற்றோர் கேட்கவேண்டும். 1988 முதல் நடந்துவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. அத்தேர்வு இருந்த காலத்திலும் ஆறாம் ஆண்டின் முடிவில்தான் பலருக்குக் கண் திறந்தது. அப்போது திறந்து என்ன பயன்? முதலாம் ஆண்டிலேயே ஆசிரியரிடம் சென்று, “என் பிள்ளை வாசிக்கிறானா?” என்று கேளுங்கள். படிக்காதவர் கேட்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

கிராணிமாருக்கும் ஒரு வேண்டுகோள். கொட்டகைப் பள்ளிக் காலத்தில் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தது உங்கள் முன்னோர்தாம். வாரத்தில் ஒருமாலை, ஒருமணி நேரம், பின்தங்கிய பிள்ளைகளுக்குக் கணக்கும் வாசிப்பும் சொல்லித்தாருங்கள்.

அரசாங்கத்திற்கும் கடமை உண்டு. நிலம் தோட்டத்துக்குச் சொந்தம், இது பகுதி உதவி பெறும் பள்ளி என்று காரணங்காட்டிக் கட்டடப் பழுதைத் தள்ளிப்போடலாகாது. ஓரறையில் இரண்டு வகுப்புகளை நடத்தும் ஆசிரியருக்கு அதற்குரிய பயிற்சி தரவேண்டும். தோட்ட நிர்வாகங்கள் பள்ளி நிற்கும் மண்ணைப் பள்ளிக்கே எழுதிக் கொடுக்கவேண்டும். இவற்றை நாம் தொடர்ந்து கேட்போம். ஆனால் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் நிறைந்த பள்ளிக்காக வாதாடும்போது நம் குரல் தளரும். நன்றாக வாசிக்கும் இருபது பிள்ளைகள் நம் பின்னால் நின்றால் அக்குரலை எவராலும் ஒதுக்கமுடியாது.

துரை நீட்டிய தாளில் என்ன எழுதியிருக்கிறதென்று அறியாமல் கைநாட்டு வைத்தவர்கள் நம் பாட்டன்மார். சம்பள ஒப்பந்தத்தைத் தம் கண்ணால் வாசித்து, “இது சரியில்லை” என்று சொல்லும் பிள்ளைகள் அந்தச் சிறிய பள்ளியிலிருந்து வரவேண்டும். அதற்குப் பத்துப் பிள்ளைகள் போதும். அந்தப் பத்தில் உங்கள் பிள்ளை இருக்கட்டும்.