ஊர் திரும்பும் தாதிச் சகோதரிகளுக்கு



காலை ஆறரை மணிக்கு மருதானையிலிருந்து தேசிய வைத்தியசாலைப் பக்கமாக நடப்பவர்களுக்கு ஒரு காட்சி நன்கு பழக்கமானது. இரவுக் கடமை முடிந்து அறைக்குத் திரும்பும் தாதியரும், பகல் கடமைக்கு அவசரமாகப் போகும் தாதியரும் ஒரே நடைபாதையில் எதிரெதிராகக் கடந்து செல்வார்கள். இவர்களுள் வவுனியா, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மட்டக்களப்பு என்று பல ஊர்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அரசாங்க வைத்தியசாலையில் பணிபுரிவோர் சிலர். எங்களிடம் ஆலோசனை கேட்டு வருபவர்களில் அதிகமானோர் தனியார் வைத்தியசாலைகளிலும் சிறிய கிளினிக்குகளிலும் வேலை செய்பவர்கள்.

இவர்கள் கொழும்புக்கு வந்த கதை நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தந்தை இல்லை, அண்ணன் இல்லை, காணி இருந்தும் போக முடியவில்லை. வீட்டில் ஒருவராவது உழைக்க வேண்டும். மருதானையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் ஓர் அறைக்குள் நான்கு பேராக இருந்து, மாதம் முடிய வீட்டுக்குப் பணம் அனுப்பியவர்கள் இவர்கள். 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கு அனுப்பப்பட்டதும், மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்ததும் பலருக்கு நினைவிருக்கும். அன்று ஊருக்குப் போ என்று பிடித்து அனுப்பினார்கள். இன்று பல பெண்கள் தாங்களாகவே ஊர் திரும்ப முடிவெடுக்கிறார்கள்.

காரணங்கள் உண்டு. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம் வரை ஏறியது. அதற்குப் பிறகு விலையேற்றத்தின் வேகம் குறைந்ததே ஒழிய, ஏறிய விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் போக வீட்டுக்கு அனுப்ப மிஞ்சுவது கொஞ்சம். ஊரில் அம்மாவுக்கு வயதாகிவிட்டது. அம்மம்மாவிடம் விட்டுவந்த பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டது. "ஊரிலயும் ஆஸ்பத்திரி இருக்குத்தானே, அங்க போய் வேலை தேடலாம்" என்று மனம் சொல்கிறது.

போக வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கொழும்பின் வேலைச் சந்தை வேறு, ஊரின் வேலைச் சந்தை வேறு. அந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

கொழும்பில் தனியார் வைத்தியசாலைகள் பல உண்டு. ஓரிடத்தில் சரிவரவில்லை என்றால் அடுத்த தெருவில் கேட்கலாம். வேலை தெரிந்த கைக்கு எங்காவது இடம் கிடைக்கும். என்ன சான்றிதழ் என்று யாரும் துருவிப் பார்ப்பது குறைவு. சிறிய நகரத்தில் நிலைமை அப்படி அல்ல. அங்கே தாதிக்கு வேலை கொடுக்கும் பெரிய இடம் அரசாங்க வைத்தியசாலை ஒன்றுதான். அதன் கதவு நியமனக் கடிதத்தோடு வருபவருக்கு மட்டுமே திறக்கும். மிச்சம் இருப்பவை டாக்டர்மாரின் சிறிய டிஸ்பென்சரிகளும் ஒன்றிரண்டு தனியார் மனைகளும்தான்.

அரசாங்கத் தாதியாக வருவதற்கு உள்ள வழி, சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரியில் மூன்று வருடப் பயிற்சி. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இக்கல்லூரிகள் உள்ளன. அதற்கு க.பொ.த. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் சித்தியடைந்திருக்க வேண்டும்; வயதெல்லையும் உண்டு. பல்கலைக்கழகங்களில் தாதியியல் பட்டம் படித்து வருபவர்களும் இருக்கிறார்கள். தனியார் வைத்தியசாலை தன் சொந்தத் தேவைக்காகப் பயிற்றி வழங்கிய சான்றிதழைக் காட்டி அரசாங்கத் தாதி நியமனம் பெற முடியாது.

இதில் ஒரு வேதனை இருக்கிறது. இடம்பெயர்ந்து மரத்தடியில் படித்த பிள்ளைக்கு ஆய்வுகூடம் எங்கே இருந்தது? இரசாயனவியலுக்கும் உயிரியலுக்கும் ஆசிரியர் எங்கே இருந்தார்? விஞ்ஞானம் படிக்க விரும்பியும் கலைப் பிரிவுக்குப் போனவர்களும், சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவர்களும்தான் பெரும்பாலும் தனியார் பயிற்சிக்குப் போனார்கள். அவர்களுடைய சான்றிதழின் தரத்தை அவர்களுடைய திறமை தீர்மானிக்கவில்லை, யுத்தம் தீர்மானித்தது. சிறு நகரத்து நேர்முகப் பரீட்சையில் இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

வவுனியாவுக்குத் திரும்பிய ஒரு சகோதரி என்னிடம் சொன்னது இது: "ஏழு வருசம் ஐ.சி.யூ.வில நிண்டனான் அக்கா. இங்க கொண்டுபோய்க் காட்ட, 'இது ஆஸ்பத்திரிக்காரர் தாங்களே குடுத்த சேட்டிபிக்கேற்தானே' எண்டு திருப்பித் தந்திட்டினம்." இப்போது அவர் ஒரு டிஸ்பென்சரியில் மருந்து எடுத்துக் கொடுக்கிறார், புண்ணுக்கு மருந்து கட்டுகிறார், மாலையில் நிலமும் கூட்டுகிறார். கொழும்பில் வாங்கியதில் பாதிச் சம்பளம். வேலையை விடும்போது சேவைக் கடிதம் வாங்கவில்லை. சேமலாப நிதி இலக்கம்கூட அவரிடம் இருக்கவில்லை. அதைத் தேடி எடுக்க எங்களுக்குப் பல மாதங்கள் சென்றன.

ஆகவே, பஸ் ஏறுவதற்கு முன் செய்துமுடிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். வேலையில் இருக்கும்போது கேட்பது சுலபம். ஊருக்குப் போனபின் ஒரு கையொப்பத்துக்காகத் திரும்பி வருவதென்றால் பயணச் செலவு, இரண்டு நாள் கூலி, பிள்ளையை யாரிடம் விடுவது என்ற கவலை எல்லாம் சேர்ந்துவிடும்.

முதலாவது, சேவைக் கடிதம். எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை, எந்த வார்ட்டில், என்ன பதவியில் வேலை செய்தீர்கள் என்பது அதில் இருக்க வேண்டும். "இவர் நல்லவர்" என்ற ஒரு வரிக் கடிதம் போதாது. பயிற்சிச் சான்றிதழின் மூலப்பிரதி வைத்தியசாலையில் இருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, ஊழியர் சேமலாப நிதி. உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளி தன் பங்காக 12 வீதமும் மாதாமாதம் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மேலும் 3 வீதம் கட்ட வேண்டும். அது உங்கள் சம்பளத்தில் வெட்டப்படக் கூடாது. மேலதிக நேரக் கொடுப்பனவு இந்தக் கணக்கில் சேராது. ஆனால் வாழ்க்கைச் செலவுப்படி சேரும். சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதில் பெறலாம். திருமணத்தின் காரணமாக வேலையை விட்டாலும் விண்ணப்பிக்கலாம். நம்பிக்கை நிதியத்தை வேலையை விட்டபின் வயதைப் பாராமல் கேட்கலாம். ஆனால் ஐந்து வருடங்களுக்கு ஒரு முறைதான். அங்கத்துவ இலக்கத்தையும் முதலாளியின் பதிவிலக்கத்தையும் கொப்பியில் எழுதி வையுங்கள். தேசிய அடையாள அட்டையில் உள்ள பெயரும் நிதியில் பதிந்த பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இடம்பெயர்ந்து புதிதாக அடையாள அட்டை எடுத்த பலருக்குச் சிக்கல் வந்தது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது, பணிக்கொடை. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடங்கள் பூர்த்தி செய்தவருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசி மாதச் சம்பளத்தின் அரைப்பங்கு கொடுக்க வேண்டும். நீங்களாக வேலையை விட்டாலும் இது உண்டு. கடைசிச் சம்பளம் 40,000 ரூபா, ஏழு வருடச் சேவை என்றால் 20,000 ரூபா வீதம் ஏழு வருடங்களுக்கு 140,000 ரூபா. நாலு வருடமும் பத்து மாதமும் ஆனவர் இன்னும் இரண்டு மாதம் பொறுத்துப் போவது புத்திசாலித்தனம். கொடுக்க மறுத்தால் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம்.

நான்காவது, உங்கள் திறமைக்கு அரசாங்கம் ஏற்கும் ஒரு காகிதம். நீங்கள் படித்த பயிற்சி இலங்கைத் தாதியர் சபையில் பதிவதற்குத் தகுதியுள்ளதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால், செய்த வேலையின் அனுபவத்தை வைத்தே மதிப்பிட்டுத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் (என்.வி.கியூ.) வழங்கும் முறை இருக்கிறது. பராமரிப்பாளர் தொழிலுக்கு இத்தகைமை உண்டு. நைற்றா நிறுவனத்திலும் தொழிற்பயிற்சி அதிகார சபையிலும் கேட்கலாம். இது உங்களை அரசாங்கத் தாதி ஆக்காது. ஆனால் "ஆஸ்பத்திரிக்காரர் தாங்களே குடுத்தது" என்று ஒருவரும் தட்டிவிட முடியாத காகிதம் அது.

இனி ஊருக்குப் போனபின் என்ன நடக்கும்? வேலை நிறைய இருக்கும். செல் துண்டு உடம்பில் இருப்பவர்கள், முள்ளந்தண்டில் காயப்பட்டுப் படுக்கைப்புண்ணோடு இருப்பவர்கள், கால் இழந்தவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தனித்துப்போன முதியவர்கள் என்று ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு தாதிக்குத் தேவை இருக்கிறது. தேவை இருக்கிறதென்றால் சம்பளமும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். தேவைப்படுபவர்களிடம் பணம் இல்லை. இருப்பவர்களும், "நீ எங்கட பிள்ளைதானே, ஒருக்கா வந்து மருந்து கட்டி விடன்" என்பார்கள். கொழும்பில் உங்கள் உழைப்புக்கு இருந்த விலை, ஊரில் உறவுக்குள் கரைந்துபோகும்.

உதவி செய்யுங்கள், அது நம் பண்பு. ஆனால் உதவி எது, தொழில் எது என்பதைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். கனடாவிலும் லண்டனிலும் இருந்து பெற்றோரைப் பராமரிக்க ஆள் தேடுபவர்களிடம் எத்தனை மணித்தியாலம், என்ன வேலை, எவ்வளவு பணம், வாரத்தில் எந்த நாள் லீவு என்பதை முதலே எழுத்தில் வாங்குங்கள். ஊசி, சேலைன் போன்றவற்றை வைத்தியரின் எழுத்து இல்லாமல் வீடுகளில் செய்யப் போகாதீர்கள். ஏதும் நடந்தால் பழி உங்கள் தலையில்தான் விழும்.

டிஸ்பென்சரியோ தனியார் மனையோ, மாதச் சம்பளம் பேசும்போது ஒன்றை மறக்க வேண்டாம். 2016 ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் உள்ள தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. "இது சின்ன இடம், இவ்வளவுதான் தரலாம்" என்பது சட்டத்துக்கு முன் ஒரு காரணம் அல்ல. தனியொருத்தியாகக் கேட்கப் பயமாக இருக்கும், அது உண்மை. கேரளத்துத் தாதியர் இதே பயத்தைக் கடந்தவர்கள். மும்பை, டெல்லித் தனியார் வைத்தியசாலைகள் தங்கள் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வதை எதிர்த்து 2011 இல் அவர்கள் கிளர்ந்தார்கள். அதே வருடம் திருச்சூரில் ஒரு சங்கமும் அமைத்தார்கள். தொடர்ந்து போராடியதன் பலனாக 2018 இல் கேரள அரசு தனியார் வைத்தியசாலைத் தாதியருக்கு மாதம் 20,000 இந்திய ரூபா குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் என்று அறிவித்தது. ஓரூரில் நான்கு தாதிகள் இருந்தால், நான்கு பேரும் சந்தித்து, இதற்குக் குறைந்து நாங்கள் போக மாட்டோம் என்று பேசிவைப்பது ஒரு தொடக்கம்.

வீட்டிலுள்ள தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. கொழும்பிலிருந்து மகள் வந்துவிட்டாள், இனி வீட்டைப் பார்ப்பாள் என்று நினைக்காதீர்கள். இத்தனை வருடம் குடும்பத்தைத் தாங்கிய உழைப்பு அவளுடையது. அவள் தொழிலைத் தொடர்வதற்குப் பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வதும், அவளுடைய காகிதங்களை ஓர் உறையில் போட்டுப் பத்திரமாக வைப்பதும் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி. இடப்பெயர்வில் காகிதம் இழந்தால் என்ன ஆகும் என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்?

ஊர் திரும்பிய சகோதரிகள் உங்கள் அனுபவத்தை எங்களுக்கு எழுதுங்கள். எந்த அலுவலகத்தில் எந்தக் கடிதம் கேட்டார்கள், என்ன சொல்லி நீங்கள் சமாளித்தீர்கள் என்பது, அடுத்ததாக மருதானையிலிருந்து பெட்டி கட்டும் ஒருத்திக்கு உதவும்.