பதிவுப் படிவங்களில் நாம் ஏற்றும் காணி உறுதிகள் எங்கே போகின்றன?

புத்தளத்தில் வசிக்கும் என் மாமாவுக்காக அண்மையில் இணையத்தில் ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்தேன். 1990இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட, இங்கு சொந்தக் காணியுள்ள குடும்பங்களின் விபரம் திரட்டும் படிவம். அடையாள அட்டையின் இரு பக்கப் படம், பழைய முகவரி, காணி உறுதியின் பிரதி, பிள்ளைகளின் விபரம் என எல்லாம் கேட்டிருந்தார்கள். அனுப்பியதும் மின்னஞ்சல் ஒன்று வந்தது. அதில் நாங்கள் ஏற்றிய உறுதிக்கான இணைப்பும் இருந்தது. அதை மகளின் போனில் திறந்து பார்த்தேன். கடவுச்சொல் எதுவும் கேட்காமல் உறுதி அப்படியே திறந்தது.

நடத்துபவர்களிடம் சொன்னேன். நல்ல மனிதர்கள், அவர்களுக்கே இது தெரியாது. தளத்தைச் செய்து கொடுத்த தம்பி இப்போது கட்டாரில் இருக்கிறாராம்.

நான் பள்ளிக்கூட ஆசிரியன், கணினித் துறையைச் சேர்ந்தவனல்லன். இருந்தும் இந்த விடயத்தைத் தேடி வாசித்தேன். நமது பள்ளிவாசல்கள், பழைய மாணவர் சங்கங்கள், நலன்புரி அமைப்புகள் பலவற்றின் தளங்கள் வேர்ட்பிரஸில் இயங்குகின்றன. அவற்றில் படிவம் என்பது தனியாகச் சேர்க்கப்படும் ஒரு பிளகின். ‘கொன்டாக்ட் போர்ம் 7’ அவற்றில் மிகப் பிரபலமானது, இலவசமானது. 2020 டிசம்பரில் அதில் ஒரு பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. கோப்பின் பெயரில் சில விசேட எழுத்துக்களைச் செருகினால், படம் என்று காட்டிக்கொண்டு ஆபத்தான நிரலைத் தளத்துக்குள் ஏற்றிவிட வழியிருந்தது. அப்போது 50 இலட்சத்துக்கும் அதிகமான தளங்கள் அதைப் பாவித்தன. திருத்திய 5.3.2 பதிப்பு உடனே வெளிவந்தது. 2024 இறுதியில் ‘டபிள்யூபி போர்ம்ஸ்’ என்ற பிளகினிலும் ஒரு ஓட்டை வெளியானது. தளத்தில் சாதாரணக் கணக்கு வைத்திருப்பவரே, ஸ்ட்ரைப் மூலம் வந்த பணத்தைத் திருப்பி அனுப்பச் செய்துவிடலாம் என்ற நிலை. வெளிநாட்டுச் சகோதரர்களிடம் இணையவழி நன்கொடை பெறுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

‘எந்தப் பிளகின் பாதுகாப்பானது?’ என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அது பாதிக் கேள்வி. ஓட்டை விழாத மென்பொருள் இல்லை. திருத்தம் வந்தபோது அதை நிறுவ ஒருவர் இருந்தாரா என்பதே மீதிக் கேள்வி. அரசாங்கமே இதில் தவறியது. 2023 ஓகஸ்டில் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் தாக்கப்பட்டபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் அழிந்தன. காலங்கடந்த மைக்ரோசொப்ட் மென்பொருள் புதுப்பிக்கப்படாமல் கிடந்ததே காரணம் என்று சொல்லப்பட்டது. அவர்கள் நிலையே அதுவென்றால், கட்டாரிலிருக்கும் தம்பியை நம்பியிருக்கும் நமது தளங்களின் கதை என்ன?

இன்னொன்று. கொன்டாக்ட் போர்ம் 7 தானாக எதையும் சேமித்து வைப்பதில்லை, மின்னஞ்சலில் அனுப்பிவிடும். பதிவுகளைச் சேமிக்க வேண்டுமென்று நாம்தான் இன்னொரு பிளகினைச் சேர்க்கிறோம். ஏற்றிய கோப்புகள் பொதுவாகத் திறந்து கிடக்கும் கோப்புறையில் போய் விழுந்தால், முகவரி தெரிந்த எவரும் பார்க்கலாம். அடையாள அட்டை இலக்கம் வெறும் இலக்கமுமல்ல. பழைய அட்டையின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். அந்த இலக்கத்தோடு பெயரும் கையொப்பமும் காணி எல்லைகளும் ஒரே இடத்தில் கிடைத்தால், மோசடிக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேறியவர்களில் பலர் உறுதிகளைக்கூட எடுத்துவர முடியவில்லை. பிறகு ஒவ்வொரு தாளாகத் தேடிச் சேர்த்தவர்கள் அவர்கள். சோனகத் தெருவில் ஒரு துண்டு நிலத்துக்காகப் பிரதேச செயலகத்துக்கும் கிராம உத்தியோகத்தரிடமும் எத்தனை முறை நடந்திருப்பார்கள்! அந்தத் தாள்களைக் கேட்கும்போது அமைப்புகள் சற்று யோசிக்க வேண்டாமா? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், மதம் பற்றிய தரவையும் பிள்ளைகளின் தரவையும் விசேட வகையாகப் பிரித்துக் காட்டுகிறது. அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது பின்போடப்பட்டாலும், நம் படிவங்கள் கேட்பவை பெரும்பாலும் அந்த வகையே.

என் கருத்தில், முதற்கட்டப் பதிவுக்குப் பெயரும் தொலைபேசி இலக்கமும் பழைய தெருவும் போதும். உறுதியையும் அடையாள அட்டையையும் நேரில் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். புத்தளத்திலிருந்து வயதானவர்கள் அலைய வேண்டிவரும் என்பார்கள். நியாயம்தான், ஆனால் அங்கேயே ஒரு பள்ளிவாசலில் இரண்டு நாள் அமர்ந்து பார்த்தால் அந்தப் பிரச்சினையும் தீரும். பிளகினைப் புதுப்பிப்பது யார், வேலை முடிந்ததும் பதிவுகளை அழிப்பது யார் என்று நிர்வாகக் கூட்டக் குறிப்பில் இரண்டு பெயர்கள் எழுதப்படட்டும்.

மாமாவின் உறுதி இருந்த இணைப்பு இரண்டு நாளில் மூடப்பட்டது. அதற்கு முன் ஏற்றப்பட்ட மற்றக் குடும்பங்களின் கோப்புகள் என்னவாயின என்று கேட்டிருக்கிறேன். இதை எழுதும்வரை பதில் வரவில்லை.