விழுந்த ராக்கெட்டை வீசி எறியாதீர்



இவ்வாண்டு நம் பள்ளித் திடலில் நடைபெற்ற நீர் ராக்கெட் போட்டியை நீங்கள் பலரும் கண்டு களித்தீர்கள். உயரப் பறந்தவற்றுக்குக் கைதட்டினோம், பரிசும் அளித்தோம். நான் ஈண்டு எழுத விரும்புவதோ பறக்காமற்போன ஒரு ராக்கெட்டைப் பற்றியே.

ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் செய்த ராக்கெட், ஏவிய மறுகணமே குட்டிக்கரணம் அடித்துத் திடலின் நடுவில் விழுந்தது. சுற்றி நின்றோர் சிரித்தனர். நானும் சிரித்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். அச்சிறுவன் ஓடிச்சென்று அதனை எடுத்தான்; இறக்கைகளைப் பிய்த்தான்; வேலியோரக் கால்வாயில் எறிந்துவிட்டான். மறுநாள் வகுப்பில், "அது ஏன் விழுந்தது?" என்று கேட்டேன். ஒருவராலும் விடை கூற இயலவில்லை. விடையைத் தாங்கியிருந்த பொருள்தான் கால்வாய் நீரோடு போய்விட்டதே! "இனி ராக்கெட் பக்கமே வரமாட்டேன்" என்று அவன் தன் ஆசிரியையிடம் கூறினானாம். அச்சொல் என்னை உறங்கவிடவில்லை.

தோல்வியுற்ற பொருளை எறிவது, அது கற்பிக்க வந்த பாடத்தையும் சேர்த்து எறிவதாகும் என்பதே என் துணிபு.

நீர் ராக்கெட் என்பது யாது? சோடா பானம் வந்த பிளாஸ்டிக் போத்தலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீர் ஊற்றி, மிதிவண்டிப் பம்பினால் காற்றை அடைக்கிறோம். அடைபட்ட காற்று நீரைக் கீழே தள்ள, போத்தல் மேலே பாய்கிறது. நீர் மிகுந்தால் பாரம் கூடும்; காற்றுக்கு இடம் குறையும். நீர் குறைந்தால் உந்துதல் நொடியில் தீர்ந்துவிடும். மூக்கில் போதிய பாரமின்றி வாற்புறம் கனத்தாலும், இறக்கை தளர்ந்தாலும், அது நேரே செல்லாது புரளும். நிலைபெறும் இடத்தில் கயிறு கட்டித் தலைக்கு மேல் சுழற்றிப் பார்த்தால், மூக்கு முன்னோக்கி நிற்கிறதா என்பது ஏவுமுன்னரே தெரிந்துவிடும். விழுந்த ராக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்ப்பவனுக்கே இவையெல்லாம் விளங்கும்.

இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் அவர்களை அறியாதார் நம்மிடையே இலர். அவர் திட்ட இயக்குநராய் இருந்து உருவாக்கிய எஸ்.எல்.வி-3 ஏவுகலம், 1979 ஆகஸ்ட் 10 ஆம் நாள் ஸ்ரீஹரிக்கோட்டாவில் முதன்முறையாக ஏவப்பட்டது. 17 டன் எடை கொண்ட அது, 317 வினாடிகளில் வங்கக் கடலில் வீழ்ந்தது. பத்திரிகையாளர்முன் நின்று அத்தோல்விக்குப் பொறுப்பேற்றவர் இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவான் என்று கலாம் பின்னாளில் பல மேடைகளில் நினைவுகூர்ந்தார். வல்லுநர்கள் காரணத்தைத் தேடினர். இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு மூடாமல் நின்றதால் அமிலம் ஒழுகிப்போனது தெரியவந்தது. குறை களையப்பட்டது. 1980 ஜூலை 18 ஆம் நாள் அதே எஸ்.எல்.வி-3, 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது.

நம் மலேசிய நாட்டிற்கும் இத்தகைய கதை ஒன்று உண்டு. நம் 'ரசாக்சாட்' செயற்கைக்கோள் 2009 ஜூலை 14 ஆம் நாள் விண்ணேறியது. அதனைச் சுமந்து சென்றது ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 1 ராக்கெட். அதன் முதல் மூன்று பயணங்களும் தோல்வியே! 2006 இல் அரிப்பெடுத்த ஒரு சிறு நட்டினால் எரிபொருள் கசிந்து தீப்பற்றியது. 2007 இல் தொட்டியிலிருந்த திரவம் அலைமோதி ராக்கெட்டைத் தடுமாறச் செய்தது. 2008 ஆகஸ்டில், கழன்ற முதற்கட்டம் பின்னிருந்து மோதியது. ஒவ்வொரு முறையும் காரணம் கண்டு திருத்தினர். அதே ஆண்டு செப்டம்பர் 28 இல் நான்காவது பயணம் வென்றது. ஐந்தாவதில் நம் செயற்கைக்கோள் ஏறியது.

"போத்தலை வைத்து விளையாடவா பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறோம்?" என்று பெற்றோர் சிலர் வினவுகின்றனர். அவர்தம் கவலையை நான் மதிக்கிறேன். ஆயினும் பால்மரம் சீவிய பெரியவர்களைக் கேட்கிறேன்: பழகும் நாளில் கத்தி ஆழப் பாய்ந்து பட்டையைக் காயப்படுத்தாதவர் உங்களுள் உண்டா? அந்தக் காயத்தைக் காட்டி, "இவ்வளவு ஆழம் கூடாது" என்று ஒருவர் கற்பித்ததால்தானே கை பழகிற்று? 2021 இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வே நிறுத்தப்பட்டுவிட்டது. எனினும் மதிப்பெண்ணை மட்டுமே காணும் நம் கண் இன்னும் மாறவில்லை.

ஆதலின் அடுத்த ஆண்டு முதல் சில மாற்றங்களைச் செய்ய எண்ணுகிறேன். ஆசிரியரோ பெற்றோரோ ராக்கெட் செய்து கொடுத்தல் கூடாது. அவர்கள் பாதுகாப்பை மட்டும் கவனிக்க வேண்டும். கண்ணாடிப் போத்தலும் கூரிய உலோக மூக்கும் கூடா. பெரியவர் துணையின்றி ஏவுதலும் கூடாது. ஒவ்வொரு குழுவும் குறிப்பேடு வைத்து நீரின் அளவு, பம்பு அடித்த எண்ணிக்கை, சென்ற தூரம் ஆகியவற்றை எழுத வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும். தன் ராக்கெட் ஏன் விழுந்தது என்று சான்றுடன் விளக்கும் குழுவுக்கும் பரிசு உண்டு. விழுந்த ராக்கெட்டைக் கண்டு எவரும் சிரித்தலாகாது. இவ்விதி தலைமையாசிரியருக்கும் பொருந்தும்.

அச்சிறுவனை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். ஒரு காலிப் போத்தலையும் அவனிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான், ஆனால் ஒன்றும் கூறவில்லை. அவன் மீண்டும் திடலுக்கு வருவானா என்பது அவன் கையில் மட்டுமன்று, நம் அனைவர் கையிலும் உள்ளது.

வாழ்க தமிழ்! வளர்க அறிவியல்!

– தலைமையாசிரியர்,
செர்டாங், கெடா.